சமைத்தேனா, சமைத்துக்கொண்டிருந்தேனா?



கைக்குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது. பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். தமிழ் தெரியாத டொக்டர், பிள்ளை விழும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் விசாரிக்கிறார். "வென் த பேபி ஃபெல், ஐ குக்ட்" என்கிறீர்கள். டொக்டர் திகைத்துப்போவார். 'பிள்ளை விழுந்தது, உடனே நான் சமைத்தேன்' என்பதுதான் அதன் பொருள்!

நீங்கள் சொல்ல நினைத்தது 'சமைத்துக்கொண்டிருந்தேன்' என்பதல்லவா? அதற்கு "ஐ வாஸ் குக்கிங்" என்று சொல்ல வேண்டும். பாடசாலையில் பிள்ளைகளுக்கு 'பாஸ்ட் கன்டினியுவஸ்' என்று படிப்பிப்பது இதைத்தான்.

அமைப்பு இலகுவானது. நான், அவன், அவள், அது என்றால் 'வாஸ்'. நாங்கள், நீ, நீங்கள், அவர்கள் என்றால் 'வேர்'. அதன்பின் வினைச்சொல்லோடு 'இங்' சேர வேண்டும்.

முன்பே தொடங்கி, முடியாமல் நீண்டுகொண்டிருந்த வேலைக்கே இது வரும். அதன் நடுவே சட்டென்று நடந்ததற்குச் சாதாரண இறந்தகாலம் போதும். சமையல் நீண்டது, பிள்ளை விழுந்தது ஒரு நொடி.

இரண்டு இடங்களில் நம்மவர் அதிகம் தவறுகிறார்கள்.

ஒன்று, வழக்கமாகச் செய்தவை. "சின்ன வயதில் ஓதப் போய்க்கொண்டிருந்தேன்" என்று தமிழில் சொல்கிறோம். அரபியிலும் 'கான யக்துபு' என்றால், இடத்துக்கேற்ப 'எழுதிக்கொண்டிருந்தான்' என்றும் 'எழுதுவது அவன் வழக்கம்' என்றும் பொருள்படும். ஆங்கிலமோ இரண்டையும் வேறாக்குகிறது. வழக்கத்தைச் சொல்ல, "ஐ வாஸ் கோயிங்" அல்ல, "ஐ யூஸ்ட் டு கோ" என்பதே பொருத்தம்.

மற்றது, உள்ளத்தின் நிலையைக் காட்டும் சொற்கள். தெரிதல், நம்புதல் போன்றவை செய்துகொண்டிருக்கும் வேலைகள் அல்ல. ஆகவே "ஐ வாஸ் நோவிங்" பிழை. "ஐ நியூ" என்பதே சரி.

இதைப் பழக்க டியூஷன் வகுப்பு தேவையில்லை. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "மஃரிப் பாங்கு கேட்டபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" மகன் "ஐ வாஸ் பிளேயிங்" என்பான். மகள் "ஐ வாஸ் ரீடிங்" என்பாள். பிறகு அவர்கள் உங்களிடம் கேட்கட்டும். நீங்களும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லுங்கள். உம்மா கூச்சமின்றிப் பேசினால், பிள்ளைகளின் கூச்சமும் தானாக விலகும்.