பகலில் சூரியன், இருட்டினால் நிலக்கரிதான்!
சென்னை—

மாலை 6 மணி. ஆபீஸ் விட்டு ஜனங்கள் வீடு திரும்புகிறார்கள். லைட், பேன், டி.வி., ஏ.சி. எல்லாம் ஓட ஆரம்பிக்கிறது. கடைவீதியில் போர்டு விளக்குகள் பளிச்சிடுகின்றன. ஆனால் சூரியன்? 'கடை'யை மூடிவிட்டுப் போய்விட்டான்!

நாட்டின் கரியமில வாயுக் கணக்கு உதைப்பது இந்த இடத்தில்தான்.

பாதி தாண்டியாச்சு!

2030-க்குள் நாட்டின் மின்நிலையத் திறனில் பாதி, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்காததாக இருக்கும் என்று மத்திய அரசு 2022-ல் உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. 2025 ஜூனிலேயே அது முடிந்துவிட்டது. மொத்தத் திறன் 4 லட்சத்து 84 ஆயிரத்து 800 மெகாவாட். அதில் சூரியன், காற்று, நீர், அணு முதலியவை 2 லட்சத்து 42 ஆயிரத்து 800. கைதட்ட வேண்டிய விஷயம்தான்.

அப்படியானால் புகை பாதியாகி இருக்க வேண்டுமே? அதுதான் இல்லை! 2024-25-ல் உற்பத்தியான ஒவ்வொரு 100 யூனிட்டிலும் 70-க்கு மேல் நிலக்கரி மின்சாரம்.

காரணம் என்ன?

ஒரு தெருவில் 2 கடை. ஒன்று பகலில் மட்டும் திறக்கும். மற்றது ராப்பகலாகத் திறந்திருக்கும். கடை சரிபாதி, வியாபாரமும் சரிபாதி ஆகுமா? சூரிய மின்சாரத்தின் கதை இதுதான். முப்பந்தல் காற்றாலைகளும் மே முதல் செப்டம்பர் வரைதான் வேகமாகச் சுற்றும்.

தேவையோ ஏறிக்கொண்டே போகிறது. 2024 மே 2-ந் தேதி தமிழ்நாட்டின் தேவை 20 ஆயிரத்து 830 மெகாவாட்டைத் தொட்டது. மே 30-ந் தேதி நாடு முழுவதும் 2 லட்சத்து 50 ஆயிரம்! புது சூரிய மின்சாரம் புது ஏ.சி.களுக்கே சரியாகப் போனால், பழைய கரி எரிந்துகொண்டேதான் இருக்கும்.

எண்ணூரில்...

அந்தக் கரி ஒடிசாவில் இருந்து கப்பலில் வருகிறது. எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் இறங்கி, வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. புகையும் சாம்பலும் வடசென்னை ஜனங்கள் தலையில்!

குறைந்ததும் உண்டு

2025-ன் முதல் 6 மாதத்தில் வெயில் கொஞ்சம் தணிந்தது. மின்தேவை மட்டுப்பட்டது. சூரிய மின்சாரம் கூடியது. நிலக்கரி மின்சாரம் முந்தின வருஷத்தைவிடக் குறைந்தே போனது! தேவையை சூரியன் முந்தினால் புகை இறங்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

வழி என்ன?

பகல் மின்சாரத்தைப் பிடித்து வைத்து இரவில் தர வேண்டும். பேட்டரி ஒரு வழி. மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவையானபோது இறக்கி மின்சாரம் எடுப்பது இன்னொரு வழி. நம் காடம்பாறையில் 400 மெகாவாட் இப்படித்தான் வருகிறது. இது போல இன்னும் பல வேண்டும்.

2070-ல் கரியமில வாயு நிகரக் கணக்கு பூஜ்யம் என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் மோடி அறிவித்தார். அதற்கு நாமும் கை கொடுக்கலாம். தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரி எல்லாவற்றையும் மத்தியானமே முடித்துவிடுங்கள். ஏ.சி.யை 24-ல் வையுங்கள். புகையோடு கரண்ட் பில்லும் குறையும்!