பழியும் பொறையும்: பெளகொளக் கல்வெட்டு சொல்லும் பாடம்

பொறை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். அது சரியல்ல.

மைசூருக்கு வடக்கே சிரவணபெளகொளாவில் கி.பி. 1368-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. வைணவர்கள் அநீதி செய்வதாகச் சமணர்கள் விஜயநகர மன்னர் புக்கராயரிடம் முறையிட்டார்கள். பழிக்குப் பழி என்று கிளம்பவில்லை; சும்மா இருந்துவிடவும் இல்லை. இரு சமயத்துக்கும் வேற்றுமை இல்லை என்று தீர்ப்பளித்த மன்னர், சமணர் கையைப் பிடித்து வைணவர் கையில் கொடுத்தார். சமணர்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் தரவேண்டியது; அதைக்கொண்டு பெளகொளத்துக்கு 20 காவலரை வைணவர்களே நியமிக்க வேண்டியது; மீதத்தில் பழுதான ஜினாலயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியது. வம்பு செய்தவர்களே காவலுக்குப் பொறுப்பானார்கள்!

முறையீட்டைக் கேட்டது நீதி. நடந்ததற்குத் தண்டிக்காதது கருணை. சேர்த்துவைத்த கையை உதறாதது சமணரின் பொறை.

வியாபாரக் கணக்கில் சொன்னால், பற்று எழுதாத கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது. பற்று எழுதுவது நீதி, தவணை கொடுப்பது கருணை, தள்ளிவிடுவது மன்னிப்பு, வட்டிக்கு வட்டி போட்டுத் தானே பறித்துக்கொள்வது பழி. குடும்பத் தகராறிலும் சரி, சங்கத் தகராறிலும் சரி, முதலில் உள்ளதை உள்ளபடி எழுதுவோம். பிறகு மனதாரத் தள்ளுவோம்.