பெட்டியில் அச்சான வாட்ஸ்

பெட்டியின் முகப்பில் ‘100 வாட்ஸ் + 100 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 24 வோல்ட், 4 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 96. உள்ளே போவதே 96 வாட்ஸ். வெளியே வருவது மட்டும் 200 வாட்ஸாம். கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டம் ஒரு மேள அடிக்குக் கண நேரம் கைகொடுக்கலாம். அதற்கு மேல் பள்ளிக்கூட இயற்பியல் இடம் தராது.

சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைன் கடைகளிலும் வீட்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் தேடுகிறவர்கள் முதலில் சந்திப்பது இந்தக் கணக்கைத்தான். இது புதிய தந்திரமும் அல்ல. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் பெட்டிகளில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் அச்சடித்தார்கள். அதை எப்படி அளப்பது என்று யாரும் ஒத்துக்கொண்ட முறை கிடையாது. தயாரிப்பாளர் நினைத்ததுதான் எண். இன்று அந்தச் சொல்லின் சாயம் வெளுத்துவிட்டதால் ‘பீக்’, ‘மேக்ஸ்’ என்று பெயர் மாறியிருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு 1974-லேயே கடிவாளம் போட்டார்கள். அந்நாட்டின் மத்திய வணிக ஆணையம், ஆம்ப்ளிஃபயரின் திறனைச் சொல்லி விளம்பரம் செய்வதற்கென்றே தனி விதி கொண்டுவந்தது. 2024-இல் அதை இன்னும் இறுக்கினார்கள்: 8 ஓம் சுமையில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஒலிச்சிதைவு 1 சதவீதத்துக்குள் அளந்த எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த விதி இங்கே செல்லாது. ஆனால் அந்த அளவுகோலை யார் வேண்டுமானாலும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். விற்பவரிடம் கேட்க வேண்டியது “எத்தனை வாட்ஸ்?” என்று அல்ல, “எத்தனை ஓமில், எந்த அலைவரிசை வரை, எவ்வளவு சிதைவில்?” என்று.

இந்தக் கேள்வி எவ்வளவு வித்தியாசம் காட்டும் என்பதற்கு டெனான் பி.எம்.ஏ-600என்.இ. ஆம்ப்ளிஃபயர் நல்ல உதாரணம். 8 ஓமில், முழு அலைவரிசைக்கும், 0.07 சதவீதச் சிதைவில் அது 45 வாட்ஸ். 4 ஓமில், 1,000 ஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில், 0.7 சதவீதச் சிதைவில் 70 வாட்ஸ். பெட்டி ஒன்றுதான், இரண்டு எண்களும் உண்மைதான். நிபந்தனையைக் கூடவே எழுதியிருப்பதால் அது நேர்மையான எண். சின்ன ‘கிளாஸ் டி’ பெட்டிகள் பலவற்றில் இருக்கும் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டி.பி.ஏ.3116 சிப்பைத் தயாரித்த நிறுவனமே, 21 வோல்ட்டில், 4 ஓமில், இடது, வலது தடத்துக்குத் தலா 50 வாட்ஸ் என்றுதான் சொல்கிறது. அதுவும் 10 சதவீதச் சிதைவில். பத்து சதவீதம் என்றால் பாடகரின் குரல் கரகரத்துப்போன நிலை. அதே சிப்பை வைத்த பெட்டியில் ‘100 + 100’ என்று போட்டிருந்தால், அச்சடித்தவரிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும்.

சரி, வீட்டுக்கு எத்தனை வாட்ஸ் தேவை? பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. 86 டெசிபல் உணர்திறன் என்று போட்ட ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட்ஸில், ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் ஒலி தரும். ஹாலில் இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஜோடி ஸ்பீக்கரும் சேர்ந்து ஏறக்குறைய 80-ஐத் தொடும். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் வகுத்த பாதுகாப்பு எல்லை. அதாவது காதுக்குப் பாதுகாப்பான சத்தத்துக்கு ஒரு வாட்ஸே போதும். மிச்சமெல்லாம் தவில், டிரம்ஸ் போன்றவற்றின் திடீர் எழுச்சிகளுக்கான இருப்பு. பத்து மடங்கு வாட்ஸ் கொடுத்தால் 10 டெசிபல் கூடும், காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தமாகப் படும். இரண்டு மடங்கு கொடுத்தால் 3 டெசிபல்தான். ஆக 40 வாட்ஸுக்கும் 80 வாட்ஸுக்கும் இடையே விலை எகிறுகிறதே தவிர, சத்தம் எகிறுவதில்லை. 1978-இல் வந்த நாட் 3020 தடத்துக்கு 20 வாட்ஸ் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டது. ஹை-ஃபை உலகில் அதிகம் விற்ற ஆம்ப்ளிஃபயர்களில் அதுவும் ஒன்று.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. சொந்த வீட்டுக்குள் வைக்கும் ஒலியும் வேலி ஓரத்தில் அந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது.

குறைந்த வாட்ஸ் போதும் என்பதற்காக, சின்ன பெட்டியை முழுக்கத் திருகி வைக்கலாம் என்று அர்த்தமில்லை. தன் சக்திக்கு மீறி விரட்டப்படும் ஆம்ப்ளிஃபயர் அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அலையில் மேல்சுருதிச் சக்தி கூடுகிறது. அது நேராக ட்வீட்டருக்குப் போய், முடியளவு மெல்லிய அதன் கம்பிச் சுருளைக் கருக்குகிறது. கருகிய சுருளைக் காட்டினால் சர்வீஸ் சென்டர் “தவறான பயன்பாடு” என்று வாரண்டியை மறுக்கப் பார்க்கும். ஒலி கரகரத்தவுடன் குறைப்பதுதான் வழி.

ஓம் விஷயத்திலும் கவனம் தேவை. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் ‘6 முதல் 16 ஓம்’ என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை அதில் மாட்டக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் ஜோடிகள் இரண்டை ஏ, பி என்ற இரண்டு ஸ்பீக்கர் இணைப்புகளிலும் மாட்டி ஒன்றாக ஓட்டினால் பல ஆம்ப்ளிஃபயர்களில் சுமை 4 ஓமாகிவிடும். சின்ன கிளாஸ் டி பெட்டிகளில் இடது, வலது கறுப்பு முனைகளை ஒன்றாக முறுக்கிவிட்டால் சிப்பே போய்விடலாம். அவை எர்த் அல்ல.

உயிருக்கு ஆபத்தான பழக்கம் ஒன்று சர்வசாதாரணமாக நடக்கிறது. ஸ்பீக்கரில் ‘ஊம்’ என்று ஓயாத இரைச்சல் வரும். யாராவது “எர்த்தைக் கழற்றி விடுங்க, சரியாயிடும்” என்பார்கள். சரியாகத்தான் ஆகும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் என்றைக்காவது இன்சுலேஷன் விட்டுப்போனால் 230 வோல்ட் முழுவதும் இரும்புப் பெட்டியில் ஏறி, தொடுகிறவருக்காகக் காத்திருக்கும். இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கேபிள்கள் வழியே உருவாகும் எர்த் சுழல். டி.வி., டி.டி.எச்., ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் செருகிப் பார்க்கலாம், ஆர்.சி.ஏ. கேபிளை மாற்றலாம், ஆடியோ வயரில் ஐசொலேட்டர் போடலாம். மூன்று பின் வயரின் எர்த்தைத் தொடவே கூடாது. சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி பின்புறம் இருந்தால், அது இரட்டை இன்சுலேஷன் கொண்டது. இரண்டு பின்னோடு வருவதில் தப்பில்லை.

ஜப்பானிலிருந்து வரும் பழைய அழகான பெட்டிகளில் இன்னொரு கண்ணி. பின்புறம் ‘ஏ.சி. 100 வோல்ட்’ என்று எழுதியிருக்கும். அதை நம் சுவரில் நேராகச் செருகினால் அன்றோடு அதன் கதை முடிந்தது. தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் சேர்த்துத்தான் அதன் விலையைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டின் அசெம்பிள்டு செட்டுகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுவது நியாயமில்லை. கைதேர்ந்த மெக்கானிக் செய்த செட் பல வருடம் உழைக்கும், பழுதானால் அவரே திறந்து சரிசெய்வார். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. டோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர்களுக்குச் சந்தையில் போலி நிறைய. ஃபியூஸ் இல்லாமலும், மெயின்ஸ் வயர் முனை திறந்தபடியும் சில செட்டுகள் வருகின்றன. மூடியைத் திறந்து காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

பி.ஐ.எஸ். முத்திரை விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையில் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ஆனால் 2,000 வாட்ஸும் அதற்கு மேலும் மின்சாரம் எடுப்பவை மட்டும். வீட்டுப் பெட்டிகள் அதற்குள் வராது. ஆடியோ சாதனங்களுக்கான அடாப்டர் வரும். அடாப்டரில் பி.ஐ.எஸ். குறியும் ‘ஆர்’ என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு உண்மையா என்று தெரிந்துவிடும். அட்டைப் பெட்டியில் எம்.ஆர்.பி., இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உற்பத்தியான நாடு, புகார் தொடர்பு எண் ஆகியவை கட்டாயம். இறக்குமதி ஸ்டிக்கரே இல்லையென்றால், கம்பெனி வாரண்டி கிடைக்காத கள்ள இறக்குமதியாக இருக்க வாய்ப்பு அதிகம். எடை, அளவு, பொட்டலச் சட்ட மீறல்களைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையினர் கவனிக்கிறார்கள்.

“பில் வேணுமா சார்? வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்” என்ற பேரத்தில்தான் பலர் தங்கள் உரிமையை விற்றுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், பழுதான பொருளை வாங்க மறுக்க அது சாக்காகாது. பில்லில் காலவரம்பு சொல்லாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது.

வாட்ஸ் விவகாரத்தில் இந்தச் சட்டத்தின் கூர்மையான பகுதி ‘குறைபாடு’ என்பதற்கான விளக்கம். பொருள் எரிந்துபோனால்தான் குறைபாடு என்றில்லை; வணிகர் எந்த வகையில் சொல்லியிருந்தாலும், சொன்ன தரத்துக்குக் கீழே இருந்தால் அதுவும் குறைபாடுதான். அதனால் ‘8 ஓமில் இத்தனை வாட்ஸ்’ என்பதை பில்லிலேயே மாடல் பெயரோடு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. எழுத மறுக்கும் கடைக்காரர், தன் பெட்டியைப் பற்றி ஒரு தகவலைச் சும்மா கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். ஆன்லைனில் வாங்கினால் விளம்பரப் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும், ஏனெனில் சண்டை வரும்போது அந்தப் பக்கம் மாறியிருக்கும். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுப்பதும் உதவும். ஆன்லைன் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020-இன் மின்வணிக விதிகள்.

கடையும் தளமும் கைவிரித்தால் அடுத்த படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆம்ப்ளிஃபயரை டெல்லிக்காரரிடம் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

வாட்ஸ் குறைவு என்று வாதாடுகிறவர் அதை எப்படி நிரூபிப்பது? காதை யாரும் சாட்சியாக ஏற்க மாட்டார்கள். சோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாத பொருளை ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதன் கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டும், அறிக்கைக்கு 45 நாள் கெடு. எனவே பெட்டியை மெக்கானிக்கிடம் திறக்கக் கொடுத்துச் சீலை உடைக்காமல், அடாப்டரோடும் அட்டைப் பெட்டியோடும் அப்படியே வைத்திருக்க வேண்டும். குறை உறுதியானால் பழுதுநீக்கம், மாற்றுப்பொருள், பணம் திரும்பத் தருதல், நஷ்டஈடு ஆகியவற்றில் எதை வேண்டுமானாலும் ஆணையம் உத்தரவிடலாம். தீர்ப்பு பிடிக்காத தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.