மேக்கிண்டாஷ் போர்ட்டபிள் மீண்டும் கண் விழிக்க

மேக்கிண்டாஷ் வரிசையில் பேட்டரியில் ஓடிய முதல் கணினி மேக்கிண்டாஷ் போர்ட்டபிள். ஆப்பிள் நிறுவனம் 1989 செப்டம்பரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 6,000 டாலருக்கு மேல். எடை ஏறக்குறைய 7 கிலோ. மடியில் வைத்து வேலை பார்க்கலாம் என்று வாங்கியவர்களுக்குக் கால் மரத்துப்போயிருக்கும். ஆனாலும் அதன் திரை அக்காலத்தில் பிற கையடக்கக் கணினிகளில் காணக்கிடைக்காத அளவு கூர்மையானது. 640 புள்ளி அகலமும் 400 புள்ளி உயரமும் கொண்ட அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி டிரான்சிஸ்டர் உண்டு. 1991 ஆகஸ்டில் அட்லாண்டிஸ் விண்கலத்தில் சென்ற ஷானன் லூசிட், ஜேம்ஸ் ஆடம்சன் ஆகியோர் விண்வெளியிலிருந்து முதல் மின்னஞ்சலை அனுப்பியதும் இந்தக் கணினியிலிருந்துதான். அதே ஆண்டு அக்டோபரில் இதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

இன்று அலமாரியிலிருந்து எடுத்து அடாப்டரைச் செருகினால், அனேகமாக எந்தப் போர்ட்டபிளும் கிளம்புவதில்லை. பழுது என்று நினைத்துப் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். இதன் வடிவமைப்பே அப்படி.

போர்ட்டபிளின் பேட்டரி 6 வோல்ட் ஈய-அமில வகை. வீட்டு இன்வெர்ட்டரிலும் இரு சக்கர வண்டியிலும் இருக்கும் அதே குடும்பம். இது அமிலம் சிந்தாமல் மூடி அடைக்கப்பட்ட வகை. ஒருமுறை முழுவதும் ஏற்றினால் 6 முதல் 10 மணி நேரம் வேலை செய்யலாம். பிற்காலத்து மடிக்கணினிகள் பலவற்றுக்குக் கூட வாய்க்காத நேரம் அது. ஆனால் உடன் வந்த அடாப்டர் 7.5 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் மட்டுமே தந்தது. கணினி கிளம்பும் நொடியில் ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்க வேண்டும். அதற்கான கூடுதல் மின்னோட்டத்தைப் பேட்டரிதான் கொடுத்தது. ஆகவே பேட்டரி செத்துவிட்டால், சுவர் மின்சாரம் இருந்தும் பயனில்லை.

ஈய-அமில பேட்டரியைக் காலியாக விட்டு வைப்பதைப் போல அதற்குக் கெடுதல் வேறில்லை. மின்சாரம் இறங்க இறங்க உள்ளே இருக்கும் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் படிகங்கள் பெருத்து இறுகி, எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாத ஓடாகிவிடும். முப்பது ஆண்டுக்கு மேல் கிடந்த பேட்டரிக்கு உயிர் கொடுக்க முயல்வது வீண் வேலை. கழற்றி, பழைய பேட்டரி வாங்கும் கடையில் கொடுத்துவிடுவதே சரி. ஈயம் நஞ்சு, குப்பையில் போடக் கூடாது.

மாற்றுக்கு அலைய வேண்டியதில்லை. அவசர விளக்குகளிலும் குழந்தைகள் ஓட்டும் பேட்டரி கார்களிலும் வரும் மூடிய 6 வோல்ட் ஈய-அமில பேட்டரி, கொள்ளளவு 4 முதல் 5 ஆம்பியர்-மணி இருந்தால் போதும். பழைய பேட்டரியின் பிளாஸ்டிக் கூட்டைக் கவனமாகத் திறந்து, செத்த செல்களை அகற்றி, அதே தொடுமுனைகளுக்குப் புதியதை இணைப்பது வழக்கம். பிளஸ் மைனஸ் மாறினால் போர்டு கருகும் என்பதால், இணைத்ததும் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். முழுவதும் சார்ஜ் ஏறி ஓய்ந்த பேட்டரி 6.3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். லித்தியம் பேட்டரியை நேரடியாக இணைப்பது ஆபத்து. சார்ஜ் ஏற்றும் முறை இரண்டுக்கும் வேறு. இந்தக் கணினி ஈயத்தை மட்டுமே அறியும்.

இன்னொரு சிறிய பேட்டரியும் உண்டு. ரேடியோவிலும் மல்டிமீட்டரிலும் போடுகிற சதுர 9 வோல்ட் பேட்டரிதான் அது. பெரிய பேட்டரியைக் கழற்றி மாற்றும் சில நிமிடங்களுக்கு, நினைவகத்தில் உள்ளதை இழக்காமல் காப்பது அதன் வேலை. பழைய 9 வோல்ட் பேட்டரி உள்ளேயே ஒழுகித் தொடுமுனைகளைப் பச்சையாக்கியிருந்தால், முதலில் அதைத் துடைத்தெடுக்க வேண்டும்.

புதிய பேட்டரியைக் கணினியில் போடும் முன் கெப்பாசிட்டர்களின் மேலும் சந்தேகம் விழ வேண்டும். பேட்டரிக்கு அடுத்து இந்தக் கணினியைக் கொல்வது இவைதான். பேட்டரியை விட ஓசையின்றிக் கொல்பவை. போர்டின் மேல் சின்னச் சின்ன அலுமினியக் குப்பிகளாக நிற்கும் இவற்றுள் மின்பகு திரவம் தோய்ந்த காகிதம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அடியில் ரப்பர் மூடி. 1980களின் இறுதியில் செய்யப்பட்ட இந்த வகைக் குப்பிகளில் மூடியின் வழியே திரவம் கசிகிறது. அதன் வழியே மின்சாரம் பாயும், அது செம்பையும் அரிக்கும். கணினி எதுவும் செய்யாமல் பெட்டியில் கிடந்தாலும் அரிப்பு நிற்பதில்லை. குப்பிகளைச் சுற்றிப் பிசுபிசுப்பு, மங்கிய சால்டர், கறுத்த செம்புக் கோடு ஆகியவை கண்ணில் படும் அடையாளங்கள். சால்டரிங் அயர்னின் சூடு பட்டதும் மீன் கவிச்சி எழுந்தால் கசிவில் ஐயமே இல்லை.

இத்தகைய போர்டில் மின்சாரம் பாய்ச்சுவது புண்ணில் கோல் விடுவதைப் போன்றது. ஆகவே கணினி கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அடாப்டரைச் செருகாமல் இருப்பதுதான். உறையைத் திறந்து பார்ப்பதே தொடக்கம். உள்ளே பாகங்கள் பெரும்பாலும் கொக்கிகளால் பூட்டப்பட்டவை. ஆண்டுகள் ஆகி பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்தில் இருக்கும் என்பதால் அவசரப்பட்டு நெம்பக் கூடாது. கசிந்த குப்பிகளை எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு போர்டைக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதே மதிப்புள்ள புதிய கெப்பாசிட்டர்களைப் போட வேண்டும். அறுந்த செம்புக் கோடுகளை மல்டிமீட்டரால் கண்டுபிடித்து மெல்லிய கம்பியால் இணைக்கலாம். சால்டரிங்கில் கை பழகாதவர்கள், இந்தக் கட்டத்தை மட்டும் டிவி, மொபைல் போர்டுகளைச் சரிசெய்யும் மெக்கானிக்கிடம் ஒப்படைப்பது நல்லது. பழகும் கை முதலில் வேறு உதவாத போர்டில் பழகட்டும்.

இதற்குப் பிறகுதான் மின்சாரம். போர்ட்டபிளுக்குத் தனியாக ஆன் பொத்தான் கிடையாது. விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினால் அது விழித்துக்கொள்ளும். அப்படியும் எழாவிட்டால் இரு பேட்டரிகளையும் அடாப்டரையும் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டு மீண்டும் இணைக்க வேண்டும். மின்பங்கீட்டைக் கவனிக்கும் தனிச் சில்லு குழம்பிப்போயிருந்தால், அது இதில் தெளிந்துவிடுவதுண்டு. முதல் முயற்சியில் ஹார்டு டிஸ்க்கின் இணைப்பைக் கழற்றி வைப்பது புத்திசாலித்தனம்: மின்தேவை குறையும், டிஸ்க்கில் இருக்கும் தகவலுக்கும் ஆபத்தில்லை. திரையில் பிளாப்பிப் படமும் அதன் நடுவே மின்னும் கேள்விக்குறியும் தோன்றினால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இயங்கத் தேவையான டிஸ்க்கைக் கணினி தேடுகிறது, அதாவது போர்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

உள்ளே இருப்பது கானர் நிறுவனத்தின் 40 மெகாபைட் ஹார்டு டிஸ்க். இதன் ரப்பர் பாகங்கள் காலப்போக்கில் பிசினாகி, படிக்கும் முனையை ஒட்டிக்கொள்ள வைப்பதுண்டு. இணைப்புச் சாக்கெட்டும், டிஸ்க்குகளை இணைக்கும் ஸ்கஸி (SCSI) முறையின் வழக்கமான 50 முள் வகை அல்ல, 34 முள். அதனால் வேறு டிஸ்க்கை நேராக மாட்ட முடியாது. இந்த முள் அமைப்பை மாற்றித்தரும் சிறிய போர்டுடன் மெமரி கார்டை ஹார்டு டிஸ்க்காகக் காட்டும் கருவியை இணைப்பது இன்று எளிய வழி. பழைய டிஸ்க் சுழன்றுவிட்டால், மற்ற எந்த வேலைக்கும் முன்னால் அதில் உள்ளவற்றை நகலெடுக்க வேண்டும். மறுமுறை சுழலும் என்ற உறுதி இல்லை. அதில் யாரோ ஒருவருடைய ஆண்டுக்கணக்கான கடிதங்கள் இருக்கக்கூடும். பிளாப்பி டிரைவ் எளிது: இறுகிப்போன கிரீஸைத் துடைத்துப் புதியதைத் தடவினால் பெரும்பாலும் வேலை செய்யும். 1.44 மெகாபைட் பிளாப்பியில் மேக்கிண்டாஷின் இயங்குதளமான சிஸ்டம் 6.0.4 அல்லது அதற்குப் பிந்தைய சிஸ்டம் 6 பதிப்பு இருந்தால் கணினி எழுந்துவிடும்.

முதலில் வந்த மாடல்களுக்குப் பின்னொளி கிடையாது. 1991 பிப்ரவரியில்தான் அது சேர்க்கப்பட்டது. எனவே திரை மங்கலாகத் தெரிந்தால் பழுது என்று முடிவு கட்டாமல், ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

உயிர் வந்த போர்ட்டபிளின் பெரிய பேட்டரிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை முழு சார்ஜ் ஏற்ற வேண்டும். நெடுநாள் எடுத்து வைப்பதாக இருந்தால் இரண்டு பேட்டரிகளையும் கழற்றித் தனியே வைக்க வேண்டும்.