உங்களுக்குத் தெரியுமா? இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்தது ஒரு மாணவியின் ஆய்வு

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை வெளிக்கொணர்ந்தது டெல்லியோ மும்பையோ அல்ல, சென்னைதான். "எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், இங்கே வராது" என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், அந்தக் கிருமி இங்கே இருக்கிறதா என்பதைத் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார்.

நிர்மலா காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். கையுறைகூட இல்லை. பிரித்தெடுத்த சீரத்தைத் தம் வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தார்! சோதனை வசதி சென்னையில் இல்லாததால், 1986 பிப்ரவரியில் ஐஸ்பெட்டியோடு கணவருடன் ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குப் போனார். அங்கே நச்சுயிரியல் துறையில் ஜேக்கப் ஜான் உதவ, ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின; கிருமி இருப்பதன் அடையாளம் அது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதையே உறுதிசெய்தது.

அந்தப் பெண்களுக்கு எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது சொல்லப்படவில்லை. இன்றைய ஆய்வு நெறிகள் அதை ஏற்காது. ஆனாலும் நாட்டையே விழிக்கவைத்தது அவர்கள் தந்த ரத்தம். நன்றிக்குரியோர் பட்டியலில் அவர்களுக்கே முதலிடம் தர வேண்டும். கிருமி கண்டறியப்பட்ட செய்தி 1986ஆம் ஆண்டே தமிழக சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 1993இல் சுனிதி, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென 'ஒய்.ஆர்.ஜி. கேர்' மையத்தைச் சென்னையில் தொடங்கினார். 2015இல் மறைந்த அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.