உங்களுக்குத் தெரியுமா? செய்தி முந்தியது, சுவர் பிந்தியது!

■ 1989 நவம்பர் 9. கால்பந்து ஆட்டத்தால் தாமதமாகி, இரவு 10.42-க்குத்தான் மேற்கு ஜெர்மனியின் 'டாகஸ்தேமன்' செய்தி தொடங்கியது. பெர்லின் சுவரின் கதவுகள் அகலத் திறந்துவிட்டதாக அறிவித்தார் தொகுப்பாளர் ஹான்ஸ் யோவாகிம் ஃப்ரீட்ரிக்ஸ். நேரலையில் தெரிந்த சோதனைச்சாவடியோ மூடியே கிடந்தது!

■ கிழக்கு பெர்லின் மக்களும் மேற்கின் தொலைக்காட்சியை விரும்பிப் பார்த்தவர்கள். அறிவிப்பைக் கேட்டு மேலும் பலர் எல்லைக்குத் திரண்டனர். 11.30 மணியளவில் போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச்சாவடியின் காவலர்கள் வழிவிட்டனர். செய்தி உண்மையானது.

■ 1927-இல் ஹாம் நகரில் பிறந்த ஃப்ரீட்ரிக்ஸ், 1950-களில் லண்டன் பிபிசியின் ஜெர்மன் சேவையில் தொழில் பழகினார். பிறகு இசட்டிஎஃப் தொலைக்காட்சி நிறுவனத்தின் வாஷிங்டன் செய்தியாளர். அரசியல் மட்டுமல்ல, விளையாட்டு நிகழ்ச்சியும் தொகுத்தவர்!

■ 1985 முதல் 1991 வரை 'டாகஸ்தேமன்' தொகுப்பாளர். நல்ல நோக்கமே ஆனாலும் செய்தியாளர் அதன் கட்சிக்காரர் ஆகிவிடக் கூடாது என்பது அவர் கொள்கை.

■ 1995-இல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரிலான விருது, இன்று ஜெர்மன் தொலைக்காட்சி இதழாளர்களுக்குப் பெரும் கௌரவம்.