மீண்டு வந்தவர்கள் – 17: அழக்கூடாத இடத்தில் அழுதவர்

ஜப்பானின் நீகாட்டாவில், ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு பெண் உயிரோடு கிடைத்த நாளில் மாகாண போலீஸ் தலைவர் வெந்நீர் ஊற்று விடுதியில் மாஜாங் ஆடிக்கொண்டிருந்த கதையைப் போன வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தில் பந்தயமாக வைத்தது புத்தகக் கூப்பன் என்பதைச் சேர்க்கப் போன வாரம் இடமில்லை, இப்போது சேர்த்துவிட்டேன்.

இந்த வாரம் அண்டை வீட்டாரைப் பற்றி என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஆஸ்திரியாவின் நட்டாஷா கம்புஷை இரண்டு பத்தியில் தொட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு தேதிகள் கண்ணில் பட்டன. திட்டம் அங்கேயே கவிழ்ந்தது.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1998 மார்ச் 2 காலை, வியன்னாவில் பள்ளிக்கூடம் போகிற வழியில் 10 வயது நட்டாஷாவை ஒரு வெள்ளை வேனுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு போனான் வொல்ஃப்காங் பிரிக்லோபில் என்ற தொலைத்தொடர்பு டெக்னீஷியன். வியன்னாவுக்கு வடகிழக்கே ஸ்ட்ராஸ்ஹோஃப் என்ற சிற்றூரில் அவன் வீடு. கராஜுக்கு அடியில் ஐந்து சதுர மீட்டருக்கு ஓர் அறை. ஜன்னல் கிடையாது. அங்கே தொடங்கிய சிறை 3,096 நாள் நீண்டது. வெள்ளை வேன் வைத்திருந்தவர்களையெல்லாம் விசாரித்தபோது போலீஸ் அவனிடமும் வந்தது. கட்டட இடிபாடு ஏற்றத்தான் வேன் என்றான். சரி என்று போய்விட்டார்கள்.

2006 ஆகஸ்ட் 23, மதியம் ஒரு மணிக்குச் சற்று முன். தோட்டத்தில் அவனுடைய பிஎம்டபிள்யூ காரை வாக்குவம் கிளீனரால் சுத்தம் செய்துகொண்டிருந்தார் நட்டாஷா. அவனுக்கு ஒரு போன் வந்தது. இரைச்சலில் பேச்சு காதில் விழவில்லை என்று சில அடி தள்ளிப் போனான். நட்டாஷா மெஷினை அணைக்காமல் அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அணைத்திருந்தால் அந்த அமைதியே அவனைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கும். வேலிகளைத் தாண்டி ஓடுகிற வழியில் கண்ணில் பட்டவர்களிடம் போலீஸைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினார்; யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் 71 வயது மூதாட்டி ஒருவரின் ஜன்னலைத் தட்டித் தன் பெயரைச் சொன்னார். அந்த அம்மாள்தான் போன் செய்தார். அன்று நட்டாஷாவின் எடை 48 கிலோ. கடத்தப்பட்டபோது 45. பிரிக்லோபில் அன்றிரவே ரயில் முன் விழுந்து செத்தான்.

ஊர் கொண்டாடியது. எட்டு வருடமாகப் பத்திரிகையில் பார்த்துப் பழகிய சிறுமியின் படம் உயிரோடு எழுந்து வந்தால் யாருக்குத்தான் நெஞ்சு அடைக்காது? சிக்கல் ஆரம்பித்தது அவர் வாயைத் திறந்தபோது.

செப்டம்பர் 6-ம் தேதி ஓஆர்எஃப் தொலைக்காட்சியில் பேட்டி. அப்போது 83 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஊதா நிறத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, அடிக்கடி கண்ணை மூடித் திறந்தபடி, 18 வயதுப் பெண் ஒருவர் நிதானமாக, சுத்தமான ஜெர்மனில், யோசித்து யோசித்துப் பேசினார். நிலவறைக்குள் அவருக்குக் கிடைத்த துணைகளில் ஒன்று வானொலி. ஓஆர்எஃபின் கலாசார அலைவரிசையான 'ஓ1' அவருக்குப் பழக்கம். சினிமாப் பாட்டே கேட்காமல் ஆகாசவாணியின் உரைகளையும் நாடகங்களையும் மட்டும் கேட்டு ஒரு குழந்தை எட்டு வருடம் வளர்ந்தால் எப்படிப் பேசுமோ, அப்படி ஒரு பேச்சு. பார்த்தவர்களுக்கு முதலில் வியப்பு. கொஞ்ச நாளில் அது உறுத்தலாக மாறியது. இவ்வளவு கஷ்டப்பட்ட பெண் இப்படியா பேசுவாள்? ஏன் உடைந்து அழவில்லை?

அவர் அழாமலில்லை. கடத்தியவன் செத்த செய்தி கேட்டு அழுதார். பிணவறையில் அவனுக்காக ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினார். ஜனங்கள் எதிர்பார்த்த இடத்தில் கண் கலங்காதவர், கலங்கவே கூடாத இடத்தில் கலங்கினார். உடனே நாடு முழுக்க எல்லார் வாயிலும் ஒரே வியாதியின் பெயர்: பிடித்து வைத்தவன் மேலேயே பாசம் வருவதாகச் சொல்கிற ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்.

என்னை இந்த வாரம் தூங்கவிடாத தேதிகளுக்கு வந்துவிட்டேன். அந்தப் பெயரைப் பெற்றுத் தந்த ஸ்டாக்ஹோம் வங்கிக் கொள்ளை 1973 ஆகஸ்ட் 23-ம் தேதி தொடங்கி 28-ம் தேதி முடிந்தது. நட்டாஷா தப்பியது ஆகஸ்ட் 23. உலகப் பத்திரிகைகளுக்கு அவர் எழுதிய கடிதத்தை மனநல மருத்துவர் மாக்ஸ் ஃப்ரீட்ரிஷ் வாசித்துக் காட்டியது ஆகஸ்ட் 28. முப்பத்து மூன்று வருட இடைவெளியில் அதே ஆறு நாள்! ஜோசியக்காரர் யாராவது படித்தால் ஒரு தனித் தொடரே எழுதுவார். இதில் எந்த அர்த்தமும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஸ்வீடன் கதையைச் சொல்லாமல் நகர மனசு வரவில்லை.

நார்மால்ம்ஸ்டோர்க் சதுக்கத்து வங்கிக்குள் எந்திரத் துப்பாக்கியோடு நுழைந்த யான்-எரிக் ஓல்சன் நான்கு ஊழியர்களைப் பிடித்து வைத்தான். சிறையிலிருந்த அவன் கூட்டாளி கிளார்க் ஓலோஃப்சனை அரசாங்கமே கொண்டுவந்து உள்ளே அனுப்பியது. பிறகு போலீஸ் செய்த காரியத்தைக் கேளுங்கள்: கொள்ளையரும் பிணைக்கைதிகளும் பெட்டக அறைக்குள் இருந்தபோது கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். மேற்கூரையில் துளை போட்டார்கள். அதற்கு முன்பே, பிணைக்கைதிகளில் ஒருவரான 23 வயது கிறிஸ்டின் என்மார்க் பிரதமர் ஓலோஃப் பால்மேயோடு போனில் நேராகப் பேசி, எங்களை இவர்களோடு வெளியே போக விடுங்கள் என்று கேட்டார். பால்மே மறுத்தார். ஓல்சனைவிட போலீஸின் கண்மூடித்தனமே தன்னைக் கொன்றுவிடும் என்று அந்தப் பெண் பயந்தார். கூரையில் துளையிடுகிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும்போது வேறெப்படித் தோன்றும்?

போலீஸுக்கு ஆலோசனை சொன்ன மனநல மருத்துவர் நில்ஸ் பெயரோட் இந்தப் பயத்துக்கு ஒரு வியாதிப் பெயர் வைத்தார். அதற்கு முன் அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று பின்னாளில் என்மார்க் சொன்னார். போலீஸின் ஆலோசகரே வைத்த பெயர் என்பதால், அவர்கள் மேல் வந்த புகார் நோயாளியின் பிதற்றலாகிவிட்டது. என் கணிப்பில், அந்தப் பெயர் உலகம் சுற்றியதன் ரகசியம் இதுதான்: குறை சொன்னவரின் வாயை அடைக்க இதைவிட நாகரிகமான வழி கிடையாது.

(கொள்ளை முடிந்து மூன்று வாரத்துக்குள், செப்டம்பர் 16-ல், ஸ்வீடனில் தேர்தல் நடந்தது. இரு அணிக்கும் சரியாக 175 இடம். சமமாக ஓட்டு விழுந்த மசோதாக்களைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள், மூன்று வருடம்! இதற்கும் நம் கதைக்கும் சம்பந்தமில்லை. விட மனசு வரவில்லை.)

நட்டாஷா தப்பியபோது ஆஸ்திரியாவிலும் தேர்தல் நேரம், 2006 அக்டோபர் 1. நட்டாஷா காணாமல் போன சில வாரங்களில் போலீஸ் நாய்ப் படையைச் சேர்ந்த ஒருவர் பிரிக்லோபிலைப் பற்றி ஏறக்குறைய ஆளையே அடையாளம் காட்டுகிற மாதிரித் துப்பு கொடுத்திருந்தார். யாரும் அதைத் தொடரவில்லை. தேர்தல் முடியும் வரை இதைக் கிளறாதே என்று அமைச்சகத்திலிருந்து தனக்கு அழுத்தம் வந்ததாக, மத்தியக் குற்றப் புலனாய்வு அலுவலகத்தின் தலைவராக இருந்த ஹெர்விக் ஹைடிங்கர் 2008-ல் போட்டு உடைத்தார். ஜனங்களின் கோபம் இந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கொஞ்ச நாள் திரும்பவும் செய்தது. பிறகு பழையபடி அந்தப் பெண்ணிடமே வந்து நின்றது.

காரணம், அவர் ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்தார். அந்தரங்கமான கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டார். எட்டு வருடம் மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருந்தவர்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. அவர் சொல்லாததை இவர்களே இட்டு நிரப்பினார்கள். இன்னொரு ஆள் உண்டு, ரகசியக் கும்பல் உண்டு, ரகசியக் குழந்தையும் உண்டு. 2012-ல் ஒரு போலீஸ்காரர் அந்தக் கற்பனைக் குழந்தையைத் தேடி ஒரு தொடக்கப் பள்ளிக்கே போய் ஒரு சிறுமியைப் பற்றி விசாரித்தார். விசாரணைக் குறைகளை ஆராய அமைத்த குழுவின் தலைவர், அரசியல் சாசன நீதிமன்றத்தின் முன்னாள் தலைவர் லுட்விக் அடமோவிச், சிறைவாசம் அந்தப் பெண்ணின் முந்தைய வாழ்க்கையைவிட மேலாகக்கூட இருந்திருக்கலாம் என்று பேட்டி கொடுத்தார். நட்டாஷாவின் தாயார் வழக்குப் போட்டார். முதலில் அடமோவிச்சுக்குத் தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டில் ரத்தானது. தெருவில் போகிறவர் சொன்னால் வம்புப் பேச்சு என்று தள்ளலாம். நாட்டின் ஆக உயர்ந்த நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தவர் சொன்னால்? அமெரிக்காவின் எஃப்பிஐயும் ஜெர்மனியின் மத்தியப் புலனாய்வு அமைப்பும் சேர்ந்து எல்லாவற்றையும் மறுபடி அலசி, ஒரே ஆளின் வேலைதான் என்பதே ஆகப் பெரிய சாத்தியம் என்று 2013-ல் சொன்னார்கள். நம்பாதவர்கள் இன்றும் நம்பவில்லை.

பணம் இன்னொரு எரிச்சல். பேட்டி விற்றது, புத்தகம் விற்றது, படம் வந்தது, கோடீஸ்வரி ஆகிவிட்டாள் என்றார்கள். 2011-ல் அவர் இலங்கையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி கொடுத்தது எத்தனை பேர் காதில் விழுந்தது? அதே 2011-ல் ஆஸ்திரிய அரசு அவர் கேட்ட நஷ்டஈட்டை மறுத்தது. கலிஃபோர்னியாவில், 1991-ல் 11 வயதில் கடத்தப்பட்டு 2009-ல் மீண்ட ஜேசி டுகார்டுக்கு, பரோல் அதிகாரிகள் கோட்டைவிட்டதற்காக அந்த மாநிலம் 2 கோடி டாலர் கொடுத்தது. ஆஸ்திரியாவின் கணக்கு வேறு.

நட்டாஷாவுக்கு நஷ்டஈடாகக் கிடைத்தது, கடத்தியவனின் சொத்திலிருந்து வந்த ஸ்ட்ராஸ்ஹோஃப் வீடு. வேடிக்கை பார்க்கிற இடமாக யாரும் அதை மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே வைத்துக்கொண்டார். சிறைக்குள் இருக்கப் பிடிக்காமல் ஓடியவர் அந்தச் சிறைக்கு மின்கட்டணம் கட்டினார். நிலவறையை மண்ணும் கல்லும் கொட்டித் தூர்த்தாகிவிட்டது. ஸ்டாக்ஹோம் முத்திரையை அவர் இன்றுவரை ஏற்கவில்லை. என் அனுபவத்தை அலசிப் பார்க்கிற உரிமையை அது என்னிடமிருந்து பிடுங்குகிறது என்கிறார். 2019-ல் இணைய வசவுகளைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். அதற்கும் வசவு வந்தது.

பக்கம் முடிந்துவிட்டது, ஆசிரியர் இலாகாவிலிருந்து இரண்டாவது போனும் வந்துவிட்டது. அண்டை வீட்டார் அடுத்த வாரம், இந்த முறை உறுதியாக: கிளீவ்லாந்து, 2013 மே 6, மூன்று பெண்களை மீட்கக் கதவை உடைத்து உதவி ஒரே ராத்திரியில் உலகப் புகழ் பெற்ற சார்ல்ஸ் ராம்ஸே. பழைய செய்தித்தாள் கத்தரிப்பு யாரிடமாவது இருந்தால் வியாழனுக்குள் அனுப்புங்கள்.